பாரிஸிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில்: நடுவழியில் ஓர் ஊரில் இறங்கலாமா?

ஜூன் மாதத்தில் மொத்தம் எட்டு இரவுகள். பாரிஸில் நான்கு, வியன்னாவில் நான்கு. இரண்டுக்கும் நடுவே ரயில். உங்களுடன் மனைவியும் முழங்கால் வலியுள்ள 68 வயதுத் தாயாரும் வருகிறார்கள். ஒரே நாளில் வியன்னா போய்ச் சேர்ந்துவிடுவதா, அல்லது ஸ்ட்ராஸ்பூர், மியூனிக், சால்ஸ்பர்க் ஆகிய மூன்றில் ஒன்றில் இறங்கி ஓர் இரவு தங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டு இரவுகளைக் கூட்ட வழியில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். சால்ஸ்பர்க்கில் இறங்குங்கள், மறுநாள் காலையிலேயே கிளம்பிவிடாமல் மாலைவரை அங்கேயே இருந்துவிட்டு வியன்னா செல்லுங்கள் என்பது என் பதில். இந்த முடிவு எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதையும் எழுதுகிறேன். தேதியோ அம்மாவின் உடல்நிலையோ மாறினால் நீங்களே அதைத் திருத்திக்கொள்ள அது உதவும்.

முதலில், ஒரு வழி அடைபட்டுவிட்டதைச் சொல்லிவிட வேண்டும். பாரிஸில் இரவு ஏறிப் படுத்து, காலையில் வியன்னாவில் இறங்கும் நைட்ஜெட் இரவு ரயில் 2021 டிசம்பரில் மீண்டும் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு அரசின் மானியம் நின்றதை அடுத்து 2025 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய பயணக் குறிப்புகளில் அதை இன்னமும் பரிந்துரைத்திருப்பார்கள்; நம்பித் திட்டமிட வேண்டாம். இந்தத் தடத்துக்கு இப்படி நேர்வது முதன்முறையும் அல்ல. 1883-இல் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது இதே ஸ்ட்ராஸ்பூர், மியூனிக், வியன்னா வழியாகத்தான். 2007-இல் பிரான்ஸின் கிழக்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டபோது அந்த இரவு ரயில் ஸ்ட்ராஸ்பூருக்கும் வியன்னாவுக்கும் இடையிலானதாகச் சுருங்கி, 2009 இறுதியில் நின்றுபோனது.

ஆகவே பகல் பயணம்தான். பாரிஸின் கிழக்கு ரயில் நிலையமான கார் த லெஸ்த்திலிருந்து புறப்படும் பிரெஞ்சு அதிவேக ரயிலான டி.ஜி.வி. மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம்வரை எடுத்து, ஸ்ட்ராஸ்பூரை ஒன்றே முக்கால் மணி நேரத்தைச் சற்றே தாண்டி எட்டிவிடுகிறது. ஸ்டுட்கார்ட்டுக்கு மூன்றேகால் மணி நேரம். அங்கே மாறி மியூனிக் செல்ல மேலும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மியூனிக்கிலிருந்து வியன்னாவுக்கு ஆஸ்திரிய விரைவு ரயிலான ரெயில்ஜெட்டில் நான்கு மணி நேரம். இடைக்காத்திருப்பையும் சேர்த்தால் பதினொன்று முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் மாலை ஆறரை, ஏழுக்குப் போய்ச் சேரலாம், எல்லாம் சரியாக நடந்தால். ஆனால் அது நடப்பதில்லை என்பதுதான் ஜெர்மன் ரயில்களைப் பற்றி அண்மைக் காலத்தில் எல்லோரும் சொல்வது. 2024-இல் ஜெர்மன் ரயில்வேயின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம் மட்டுமே குறித்த நேரத்தில் வந்தன. ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட தாமதத்தையும் குறித்த நேரம் என்றே எண்ணும் கணக்கு அது. இதற்கு மேல், பழசாகிப்போன முக்கியத் தடங்களை மாதக்கணக்கில் முழுவதுமாக மூடிப் புதுப்பிக்கும் வேலையும் 2024-இலிருந்து நடந்து வருகிறது. உங்கள் ஒருநாள் திட்டத்தில் ஜெர்மனிக்குள் மட்டும் இரண்டு இடங்களில் ரயில் மாற வேண்டியிருக்கிறது.

இனி இரவுகளின் கணக்கு. இடையில் இறங்கினால் வியன்னாவில் ஒரு நாள் போய்விடுமே என்றுதான் பலரும் தயங்குகிறார்கள். பயண நாள் எப்படியும் பயண நாள்தான். ஒரே மூச்சில் போனாலும் அன்றைய பொழுது முழுவதும் ரயிலிலேயே கழியும், வியன்னாவில் அன்று இரவு உணவைத் தவிர வேறொன்றும் நடக்காது. சால்ஸ்பர்க்கில் இறங்கினால் அதே காலை ரயிலில் புறப்பட்டு, பிற்பகல் நான்கு மணிவாக்கில் இறங்குகிறீர்கள். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது தாண்டிவிடும். ஆகவே அன்றே நான்கைந்து மணி நேரம் கைக்கு வருகிறது. மறுநாள் மாலை ஐந்து, ஆறு மணிவரை ஊரிலேயே இருந்தால் இன்னும் ஏழெட்டு மணி நேரம். ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தைச் சால்ஸ்பர்க்கில் பெறுகிறீர்கள். அதற்கு ஈடாக வியன்னாவில் ஒரு பகலைக் கொடுக்கிறீர்கள். நான்கு இரவுத் தங்கலில் மிகக் குறைவாகப் பயன்படும் நாளைக் கொடுத்து இதைப் பெறுவது நல்ல பேரம் என்றே நினைக்கிறேன்.

பேரம் கெட்டுப்போவது எங்கே என்றால், இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை ஒன்பது மணி ரயிலைப் பிடிக்கும்போதுதான். ஐரோப்பிய விடுதிகளில் அறை கிடைப்பது பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு, காலி செய்ய வேண்டியது காலை பதினொன்றுக்குள். பெட்டியைத் திறந்து, மூடி, நிலையத்துக்கு இழுத்துச் சென்று, இறங்கிய ஊரில் மறுபடி விடுதி தேடி என்று ஒவ்வொரு நிறுத்தமும் தனக்கென மூன்று நான்கு மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது. ஓரிரவு தங்கினாலும் மூன்றிரவு தங்கினாலும் இந்த இழப்பு ஒன்றுதான். ஆகவே ஓரிரவு நிறுத்தத்தில் அறையைக் காலையில் காலி செய்துவிட்டுப் பெட்டிகளை விடுதியின் வரவேற்பிலேயே விட்டுவிட வேண்டும். அநேகமாக எல்லா விடுதிகளும் கட்டணமின்றி வைத்துக்கொள்ளும். மாலையில் எடுத்துக்கொண்டு நேராக ரயிலுக்குப் போகலாம். இந்த ஒரு மாற்றத்தால் நிறுத்தம் இரண்டு மடங்கு பெறுமதி பெறுகிறது.

அடுத்த கேள்வி, ஏன் சால்ஸ்பர்க்? நடுவழியில் இறங்குவது என்றாலே பயணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஊரைத் தேடுவதுதான் வழக்கம். அந்தக் கணக்கில் மியூனிக் வெல்லும். நான் தூரத்தைவிட ஆபத்தைப் பார்க்கிறேன்: தாமதம் நேரக்கூடிய பகுதியை முதல் நாளிலேயே கடந்துவிட்டு, அதற்கப்பால் உள்ள ஊரில் இறங்க வேண்டும். சால்ஸ்பர்க், ஜெர்மனியைத் தாண்டி ஆஸ்திரிய எல்லையில் கால் வைத்தவுடன் வரும் ஊர். முதல் நாள் ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் உங்களுக்காகக் காத்திருப்பது ஒரு விடுதி அறை மட்டுமே. தவறவிடுவதற்கு வேறு ரயில் இல்லை. அங்கிருந்து வியன்னாவுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஆஸ்திரிய ரயில்வேயின் ரெயில்ஜெட்டும், தனியார் நிறுவனமான வெஸ்ட்பானும் போட்டி போட்டு ஓட்டுவதால் நாள் முழுவதும் வண்டி கிடைக்கும். ஒன்றின் டிக்கெட் மற்றொன்றில் செல்லாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அவசரத்தில் எதிரே நிற்கும் வண்டியில் ஏறிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

ஊரும் இந்த அளவு நேரத்துக்குப் பொருத்தமானது. நிலையத்திலிருந்து மிராபெல் பூங்கா கால் மணி நேர நடை. அங்கிருந்து சால்சாக் ஆற்றைக் கடந்தால் பழைய நகரம். அதன் பெரும்பகுதி சமதளம், வாகனங்கள் குறைவு. நிலைய வாசலிலிருந்தே மின்கம்பியில் ஓடும் பேருந்துகள் ஆற்றங்கரைவரை செல்கின்றன. 2025 மே மாதத்திலிருந்து சால்ஸ்பர்க் மாநிலத்தில் விடுதிகளில் தங்குபவர்களுக்கு உள்ளூர்ப் போக்குவரத்துக்கான அட்டையும் தங்கலோடு சேர்ந்தே வருகிறது. செக்-இன் இணைப்பு மின்னஞ்சலில் வரும்போது அதைக் கவனித்து எடுத்துக்கொள்ளுங்கள். 1077-இல் கட்டத் தொடங்கப்பட்ட ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டைக்கு 1892-இலிருந்து ஓடும் இழுவை ரயில் இருக்கிறது. அம்மா படியேற வேண்டாம், ஆனால் மேலே இறங்கியதும் கருங்கல் பாவிய சரிவுகள் கொஞ்சம் உண்டு, ஆகவே அவர் அங்குள்ள உணவகத்தின் திறந்தவெளியில் ஆல்ப்ஸ் மலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, நீங்கள் இருவரும் உள்ளே சென்று வரலாம். 1756-இல் மொஸார்ட் பிறந்த வீடு கெட்ரைடெகாஸே தெருவில் 9-ஆம் எண். அருங்காட்சியகம் மாடிகளில் இருக்கிறது என்பதால், அம்மாவை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து பார்ப்பதே போதும். தெருவின் இருபுறமும் கடைகளுக்கு மேல் தொங்கும் இரும்பு வேலைப்பாட்டுப் பலகைகளே நின்று பார்க்கத் தக்கவை. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: கோடைதான் அந்த ஊருக்கு மழைக்காலம். ஜூனில் நாள் முழுவதும் தூறிக்கொண்டே இருக்கக்கூடும், குடையில்லாமல் போகாதீர்கள்.

ஸ்ட்ராஸ்பூரை நான் ஒதுக்குவது அதன் அழகைக் குறைத்து மதிப்பிட்டு அல்ல. மூன்றில் எது நல்ல ஊர் என்று மட்டும் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். 1883-இல் கட்டப்பட்ட நிலையக் கட்டடத்தின் முன்பகுதி முழுவதையும் 2007-இல் கண்ணாடிக் கூடு ஒன்று போர்த்திவிட்டது. வெளியே வந்து திரும்பிப் பார்த்தால்தான் அது தெரியும். இருபது நிமிட நடையில் செம்மணற்கல்லால் ஆன பேராலயம். 142 மீட்டர் உயரமுள்ள அதன் ஒற்றைக் கோபுரம் 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்தது. உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தில் நண்பகல் 12.30-க்குப் பன்னிரு சீடர்களின் உருவங்கள் கிறிஸ்துவின் முன் வலம்வரும்; அதைக் காண்பதற்குத் தனிச் சீட்டு வாங்கி முன்னதாகவே உள்ளே போய் நிற்க வேண்டும். ஆனால் பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர் இரண்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே தங்கினால் மறுநாள் எட்டு, ஒன்பது மணி நேரப் பயணம், ரயில் மாற்றங்கள், ஜெர்மன் தாமதம் எல்லாம் அப்படியே மிச்சமிருக்கும். ஒரு பகலைச் செலவிட்டும் களைப்பு குறைவதில்லை. ஸ்ட்ராஸ்பூர் மனத்தை விட்டு அகலவில்லை என்றால், பாரிஸ் நாட்களில் ஒன்றை எடுத்துக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுங்கள்; பெட்டியும் இராது, விடுதியும் மாறாது.

இளைஞர்களாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: பாரிஸில் காலையில் ஏறி, ஸ்ட்ராஸ்பூரில் நான்கைந்து மணி நேரம் இறங்கிச் சுற்றிவிட்டு, இரவுக்குள் மியூனிக் சேர்வது. ஜெர்மன் ரயில்வேயின் இணையதளத்தில் முன்பதிவு செய்யும்போதே இடையில் இரண்டு ஊர்கள்வரை குறிப்பிட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள் என்று கொடுத்து, ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். நிலைய லாக்கரைத்தான் முன்கூட்டி விசாரிக்க வேண்டும். பிரெஞ்சு நிலையங்களில் பெட்டியை ஸ்கேன் செய்த பிறகே உள்ளே விடுவார்கள், அந்த அறைக்குத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு. ஜெர்மன் நிலையங்களில் காசைப் போட்டுக் கதவைச் சாத்தினால் முடிந்தது. உங்கள் தாயாரின் முழங்காலை நினைத்து இதை நான் பரிந்துரைக்கவில்லை.

மியூனிக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய நகரம், இரண்டு மூன்று நாட்கள் கேட்கும் நகரம்; டாய்ட்சஸ் அருங்காட்சியகம் ஒன்றுக்கே ஒரு பகல் போதாது. ஓர் இரவில் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது வீண். என்றாலும் உங்களுக்கு அது மாற்றுத் திட்டமாகப் பயன்படலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

விசா விஷயத்தை இப்போதே கவனியுங்கள், ஏனென்றால் இடைத்தங்கல் அதை நேரடியாகப் பாதிக்கும். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பாரிஸில் நான்கு, சால்ஸ்பர்க்கில் ஒன்று, வியன்னாவில் மூன்று என்றால் பிரான்ஸுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நான்கு நான்கு இரவுகள். பாரிஸில் இறங்கி நுழைவதால் பிரான்ஸிடம் விண்ணப்பம். ஆனால் சால்ஸ்பர்க் பிடித்துப்போய் இரண்டு இரவாக்கி, அதற்காகப் பாரிஸில் ஒன்றைக் குறைத்தால், ஆஸ்திரியாவுக்கு ஐந்து இரவுகள் ஆகிவிடும். விண்ணப்பிக்க வேண்டிய நாடே மாறிவிடும். எல்லா இரவுகளுக்குமான விடுதிப் பதிவுகளும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் விண்ணப்பத்தோடு கேட்கப்படும் என்பதால், எங்கே இறங்குவது என்பதை விசா நேரம் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இன்னொன்று: ஷெங்கன் பகுதிக்குள் எல்லைச் சோதனை கிடையாது என்று படித்திருப்பீர்கள், ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. ரைன் ஆற்றைக் கடந்ததும் பெட்டிக்குள் காவலர்கள் வரக்கூடும். கடவுச்சீட்டுகள் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

டிக்கெட்டை இரண்டாகப் பிரித்து வாங்குங்கள்: பாரிஸ்–சால்ஸ்பர்க் ஒன்று, சால்ஸ்பர்க்–வியன்னா ஒன்று. முதலாவது, இடையில் எத்தனை ரயில் மாறினாலும், ஒரே பரிவர்த்தனையில் வாங்கிய ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமை விதிகளின்படி, ஒரே டிக்கெட்டில் பயணம் செய்யும்போது தாமதத்தால் இணைப்பு ரயிலைத் தவறவிட்டால் போய்ச் சேரும் இடம்வரை கொண்டுசேர்ப்பது ரயில்வேயின் பொறுப்பு. ஒரு மணி நேரம் தாமதித்தால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் 50 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். கடும் புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இந்த இழப்பீடு இல்லை. ஸ்டுட்கார்ட்வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று மலிவாகத் துண்டு துண்டாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு அறுந்துவிடும். சால்ஸ்பர்க்கில் ஓர் இரவு இடைவெளி இருப்பதால் அங்கே பிரிப்பதில் எந்த ஆபத்தும் இல்லை. பல நாடுகளின் ரயில்களிலும் செல்ல உதவும் யூரெய்ல் பாஸ் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதன் மிகச் சிறிய வடிவமே ஒரு மாதத்தில் நான்கு பயண நாட்களுக்கானது, உங்களுக்கு வேண்டியவை இரண்டு. பாஸ் இருந்தாலும் பாரிஸ் டி.ஜி.வி.யில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அந்த இருக்கைகளுக்கும் ஒதுக்கீட்டு வரம்பு உண்டு.

இருக்கை தேர்ந்தெடுக்கும்போது அம்மாவுக்காக ஒன்றைக் கவனியுங்கள். பாரிஸிலிருந்து ஸ்டுட்கார்ட், மியூனிக் செல்லும் டி.ஜி.வி. இரட்டை அடுக்கு வண்டி. ஏறும் கதவு கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேல்தளத்துக்குக் குறுகலான படிக்கட்டு. பார்வைக்கு மேல்தளம் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், நீங்கள் கீழ்த்தளத்தையே கேட்டு வாங்குங்கள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் வழி மேல்தளத்தில்தான் என்பதால் உணவகப் பெட்டிக்கு நீங்கள்தான் ஏறிப் போய் வாங்கி வர வேண்டியிருக்கும். காலையிலேயே நிலையத்தில் ரொட்டி, பழம், தயிர் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. சைவர்கள் என்றால் ஜெர்மன் நிலையங்களின் ரொட்டிக் கடைகள் கைகொடுக்கும். சால்ஸ்பர்க்கில் பாலாடைக்கட்டி சேர்த்த மாவு உருண்டைகளான காஸ்நொக்கன் கிடைக்கும். பன்றி இறைச்சித் துண்டுகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். ரயில் மாறும் இடங்களில் இணையதளம் தானாகக் காட்டும் எட்டு, பத்து நிமிட இடைவெளிகளை ஏற்காதீர்கள். ஸ்டுட்கார்ட் நிலையத்தில் ஆண்டுக்கணக்காகக் கட்டுமான வேலை நடக்கிறது, நடை அதிகம். மாற்று நேரத்தைக் குறைந்தது 40 நிமிடம் என்று அமைத்துத் தேடுங்கள். அதனால் சால்ஸ்பர்க் சேர்வது ஐந்து மணியாகிவிட்டாலும் நட்டமில்லை.

தேதியையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். நிலையத்துக்குள் இருப்பவை பெரும்பாலும் திறந்திருக்கும். ஆகவே சால்ஸ்பர்க்கின் முழுநாள் ஞாயிறாக அமைந்தால் கோட்டை, பூங்கா, ஆற்றங்கரை எல்லாம் கிடைக்கும், கடைவீதி மட்டும் கிடைக்காது. பயணம் ஜூலை இறுதிக்கோ ஆகஸ்டுக்கோ தள்ளிப்போனால் என் பதிலும் மாறும்: அப்போது சால்ஸ்பர்க் இசைவிழா நடக்கும், ஓரிரவு அறைக்குக் கேட்கும் விலைக்கு இந்த நிறுத்தம் கட்டுப்படியாகாது. டிசம்பர் என்றாலும் மாறும். மாலை நாலேகாலுக்கே இருட்டிவிடும் ஊரில் பிற்பகல் நான்கு மணிக்கு இறங்கிப் பயனில்லை.

மாற்றுத் திட்டம் என்று சொன்னேன் அல்லவா, அது அம்மாவின் முழங்காலுக்கானது. முதல் நாளில் இரண்டு முறை ரயில் மாறி எட்டு, ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து வருவது அவருக்குக் கடினம் என்று நினைத்தால், பாரிஸிலிருந்து மியூனிக்குக்கு மாறாமலேயே போகும் நேரடி டி.ஜி.வி.யைப் பிடியுங்கள். வழக்கமாகப் பிற்பகலில் புறப்பட்டு ஆறு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். பாரிஸில் ஒரு காலைப்பொழுதும் மிச்சமாகும். மியூனிக்கில் நிலையத்தை ஒட்டிய விடுதியில் படுத்து எழுந்து, மறுநாள் காலை ஒன்றரை மணி நேரத்தில் சால்ஸ்பர்க் சென்று, பெட்டிகளை நிலைய லாக்கரில் வைத்துவிட்டு ஆறேழு மணி நேரம் ஊரைப் பார்த்து, மாலை ரயிலில் வியன்னா போகலாம். சால்ஸ்பர்க்கின் மாலைப்பொழுது கிடைக்காது, மற்றபடி எல்லாம் கிடைக்கும். பிரான்ஸ் நான்கு, ஜெர்மனி ஒன்று, ஆஸ்திரியா மூன்று என்று இரவுகள் அமைவதால் விசாவும் பிரான்ஸிடமே நிற்கும்.

எந்தத் திட்டமானாலும், பாரிஸிலிருந்து கிளம்பும் நீண்ட பயணத்தின் டிக்கெட்டை விற்பனை திறந்த உடனே வாங்கிவிடுங்கள். விலை வேகமாக ஏறுவது அதில்தான். சால்ஸ்பர்க் விடுதியை, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில், மிராபெல் பூங்காவுக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் பாருங்கள். லிஃப்ட் உண்டா என்பதை எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். வியன்னா வண்டியைக் கடைசியாக வாங்கினால் போதும். இரண்டாம் நாள் இரவு எட்டரைக்கு மேல் வருவோம் என்று வியன்னா விடுதிக்கு முன்னதாகவே எழுதிவிடுங்கள். சிறிய விடுதிகளில் வரவேற்பு மேசையை மாலையிலேயே மூடிவிட்டு, கதவைத் திறக்கும் எண்ணை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவைப்பார்கள்.